அக்டோபர் 1-இல் கொடுத்தவர் ஜனவரியில் வருகிறாரா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேசிய தன்னார்வ ரத்த தான தினமான அக்டோபர் 1 வந்துவிட்டால் ஊருக்கு ஊர் முகாம் நடக்கிறது. மறுநாள் நாளிதழ்களில் "ஒரே நாளில் 300 பேர் ரத்த தானம்" என்று படத்தோடு செய்தி வருகிறது. மனம் நிறைகிறது. ஆனால் அந்த 300 பேரில் எத்தனை பேர் ஜனவரியில் மறுபடி வந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. புதிதாகக் குருதிக்கொடைக் குழு தொடங்கும் இளைஞர்கள் "ஆள் சேர்ப்பது எப்படி?" என்றுதான் கேட்கிறார்கள். சேர்ந்தவரை இழக்காமல் இருப்பதுதான் அதைவிடக் கடினம். அதுபற்றியே எழுதுகிறோம்.

முதலில் நாள்கணக்கு. அக்டோபர் 1-இல் எடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த தட்டணுக்கள் (பிளேட்லெட்) 5 நாள்தான் தாங்கும். சிவப்பணுக்கள் பையில் உள்ள கரைசலைப் பொறுத்து 35 அல்லது 42 நாள், அதாவது அதிகம் போனால் நவம்பர் 12 வரை. கொடுத்த ஆண்கள் மறுபடி கொடுக்க 90 நாள் ஆக வேண்டும். டிசம்பர் 30 வந்துவிடும். பெண்களுக்கு 120 நாள், ஜனவரி 29. ஊரில் உள்ள கொடையாளர் அத்தனை பேரையும் ஒரே நாளில் படுக்க வைத்துவிட்டால், நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசி வரை பையும் இருக்காது, ஆளும் இருக்க மாட்டார். அடைமழையில் டெங்கு பரவித் தட்டணு கேட்டு அலைவதும் அந்த வாரங்களில்தான். எனவே 300 பேர் இருந்தால் வாரத்துக்கு 20, 25 பேராகப் பிரித்து அனுப்புங்கள். பெரிய முகாம்தான் வேண்டுமென்றால், எத்தனை யூனிட்டை வைத்துக்கொள்ள முடியும் என்று ரத்த வங்கியிடம் முன்கூட்டியே கேட்டு, அதற்கு மேல் வருபவர்களுக்கு வேறு தேதி கொடுங்கள். ஓ நெகட்டிவ் போன்ற அரிய வகைக்காரர்களை முகாமுக்கு அழைக்காமல் தனிப்பட்டியலில் வைத்திருப்பதே எங்கள் வழக்கம். அவர்கள் தேவைப்படும் நாளில் கைவசம் இருக்க வேண்டும்.

அடுத்தது, வாட்ஸ்அப்பில் வரும் "அவசரம், ரத்தம் தேவை" செய்தி. பெரும்பாலானவற்றில் தேதி இருக்காது. எந்த மருத்துவமனை, எந்த ரத்த வங்கி, முழு ரத்தமா தட்டணுவா என்பதும் இருக்காது. அந்தச் செய்தி இரண்டு ஆண்டு கழித்தும் சுற்றும். நோயாளி வீடு திரும்பியிருப்பார், அல்லது இறந்தே போயிருப்பார்; உறவினரின் போன் மட்டும் அடித்துக்கொண்டே இருக்கும். இப்படி இரண்டு முறை ஏமாந்த கொடையாளர் மூன்றாவது செய்தியைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். குழு உயிரோடு இருந்தும் இல்லாமல் போவது இப்படித்தான். ஒருங்கிணைப்பாளர் ஒருவர் ரத்த வங்கிக்கே போன் செய்து தேவையை உறுதி செய்த பிறகுதான் செய்தி குழுவில் ஏற வேண்டும். அதில் மருத்துவமனை, ரத்த வகை, எத்தனை யூனிட், எந்தத் தேதி எத்தனை மணிக்குள், யாரைக் கேட்க வேண்டும் என்ற ஐந்தும் இருக்க வேண்டும். கிடைத்ததும் "கிடைத்துவிட்டது, நன்றி" என்று எழுதிவிட்டுப் பழைய செய்தியை அழித்துவிட வேண்டும்.

பெண்கள் ஏன் சேர்வதில்லை என்ற கேள்விக்குப் பாதி விடை போன் எண்ணில் இருக்கிறது. கொடையாளர் பட்டியலைப் பெயர், வகை, எண்ணோடு பொதுவில் போட்டுவிடுகிறார்கள். அன்று இரவே ஒரு பெண்ணுக்குத் தெரியாத எண்களிலிருந்து அழைப்பு வரத் தொடங்கும். மறுநாள் அவர் குழுவை விட்டு வெளியேறுவார், தோழிகளையும் சேரவிட மாட்டார். எண்கள் இரண்டு ஒருங்கிணைப்பாளர்களிடம் மட்டும் இருக்கட்டும். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். நோயாளியின் உறவினருக்கு எண்ணைக் கொடுக்கும் முன் கொடையாளரின் சம்மதத்தைக் கேளுங்கள்.

மறுபாதி விடை ஹீமோகுளோபின். கொடையாளருக்கு 100 மில்லி ரத்தத்தில் 12.5 கிராம் வேண்டும். தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21) 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. ஆசையோடு வந்த பெண்ணை "உங்களுக்கு ரத்தம் பத்தாதும்மா, போங்க" என்று எல்லார் முன்னும் அனுப்பினால் அவர் ஆயுளுக்கும் வர மாட்டார். அளவு எத்தனை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் யாரைப் பார்ப்பது, எந்த மாதம் மறுபடி பரிசோதிப்பது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, அந்த மாதம் மறக்காமல் கூப்பிடுங்கள். 45 கிலோவுக்குக் குறைவு, பிரசவம் ஆகி ஓராண்டு ஆகவில்லை, பச்சை குத்தி ஓராண்டு ஆகவில்லை என்று திரும்பிப் போகிறவர் எவருக்கும் இதே சீட்டு வேண்டும். பலர் தற்காலிகத் தடையைக் காலமெல்லாம் உள்ள தடை என்றே நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

முதல்முறை கொடுப்பவர் மயங்கி விழுந்தால் அவரும் போனார், வரிசையில் நின்று பார்த்த நான்கு பேரும் போனார்கள். இளம் வயது, குறைந்த எடை, பயம், வெறும் வயிறு, தூக்கமின்மை ஆகியவையே பெரும்பாலும் காரணம். காலை 11 மணிக்கு வரும் கல்லூரி மாணவரில் பலர் டிபன் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். வாசலிலேயே "சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆச்சு தம்பி?" என்று கேட்க ஒருவரை நிறுத்துங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் என்றால் இரண்டு இட்லியாவது கொடுத்து, அரை மணி நேரம் உட்கார வைத்து, அரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்த மில் தொழிலாளியை வேறு நாள் வரச் சொல்லுங்கள். ஊசி ஏறியதும் தொடையையும் கெண்டைக்காலையும் இறுக்கி இறுக்கித் தளர்த்தச் சொன்னால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்காது. எடுத்து முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. அதன்பின் கால் மணி நேரம் முகாமிலேயே இருக்க வேண்டும். அடுத்த முறைக்கான தேதியை எழுதிக் கையில் கொடுக்க அதைவிட நல்ல நேரமில்லை.

கல்லூரியை மட்டும் நம்பியிருக்கும் குழு ஏப்ரல், மே மாதங்களில் படுத்துவிடும். தேர்வு, விடுமுறை, வெயில் மூன்றும் ஒன்றாக வரும். 30 முதல் 50 வயதுக்காரர்கள் ஊரை விட்டு நகர மாட்டார்கள், அழைத்தால் வருவார்கள். அவர்களைத் தேடிப் போக வேண்டும்: வணிகர் சங்கம், ஆட்டோ ஸ்டாண்டு, மகளிர் சுய உதவிக் குழு, ஜமாத், சர்ச், கோவில் அன்னதானக் குழு. கடைக்காரரைக் கடை திறந்திருக்கும் நாளில் கூப்பிட்டுப் பயனில்லை; கடை அடைக்கும் கிழமையைக் கேட்டு அந்தக் காலையில் வையுங்கள். நோன்பிருப்பவர் கொடுக்கக்கூடாது என்பதால், ஜமாத்தில் ரமலானுக்கு முன்போ பெருநாள் கழிந்தோ தேதி கேளுங்கள்.

ரத்தம் கொடுக்க முடியாதவர்களுக்கும் குழுவில் இடம் வேண்டும். 65 வயது கடந்த ஓய்வுபெற்ற ஆசிரியரை விடப் பதிவேட்டைப் பொறுப்பாகப் பார்க்க யார் இருக்கிறார்கள்? சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர் போன் பேசலாம். இரவில் கொடையாளரை ரத்த வங்கியில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவரும் ஆட்டோக்காரர் பத்துக் கொடையாளருக்குச் சமம்.

ஹெல்மெட், வெள்ளிக்காசு என்று பரிசு அறிவித்து ஆள் சேர்ப்பதை வன்மையாக எதிர்க்கிறோம். உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பையடுத்து 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பது இந்த நாட்டில் தடை செய்யப்பட்டது. பொருளுக்காக வருபவர் தன் நோயையும் பழக்கத்தையும் கேள்வித்தாளில் மறைக்க இடமுண்டு. புதிதாகத் தொற்றிய கிருமி சில நாள்கள் பரிசோதனையில் அகப்படாது. அந்த இடைவெளியில் நோயாளியைக் காப்பது கொடையாளரின் உண்மை ஒன்றுதான். சான்றிதழும் ஒரு டீயும் போதும். குழுவின் கையில் பணம் புழங்காமல் இருப்பதும் நல்லது. சிற்றுண்டிச் செலவை ரத்த வங்கியோ கடைக்காரரோ நேரடியாக ஏற்கட்டும்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். முகாம் செய்தி வெளியிடும்போது எத்தனை பேர் கொடுத்தார்கள் என்பதோடு, அவர்களில் எத்தனை பேர் இரண்டாவது முறையாகக் கொடுத்தவர்கள், அடுத்த முகாம் எந்தத் தேதி என்ற இரண்டையும் அமைப்பாளர்களிடம் கேட்டு வெளியிடுங்கள். மாவட்டப் பக்கத்தில் இரண்டு வரி போதும்.

இப்படிக்கு,
குருதிக்கொடை ஒருங்கிணைப்பாளர்கள்,
விருதுநகர் மாவட்டம்.