ரோஸன்னாவும் அரைப்பேரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் 'ரோஸன்னா' என்ற சுவீடன் நாட்டுத் துப்பறியும் நாவல் பற்றி இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். பண்டாரவளை வாசகர் அதைத் தூக்க மாத்திரை என்று தள்ளிவிட்டார். மாத்தளை வாசகரோ பொலிஸ் நாவல் என்ற வகையே அதிலிருந்துதான் பிறந்தது என்கிறார். பின்னவருக்கு ஒரு சின்னத் திருத்தம். எட் மெக்பெய்ன் என்ற அமெரிக்கர் 1956லேயே ஒரு பொலிஸ் நிலையத்தையே கதாநாயகனாக்கி எழுதத் தொடங்கிவிட்டார். 'ரோஸன்னா' வந்தது 1965ல். சரி, அது பெரிய விஷயமில்லை. எனக்குப் பதில் சொல்ல ஆசை பண்டாரவளைக்காரருக்குத்தான்.

நான் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் 34 வருடம் செக்ரோல், அதாவது ஆட்களின் வேலைப் பதிவேடு, எழுதியவன். காலையில் பிரட்டு (ஆள் கூட்டி வேலை பிரிப்பது) முடிந்து மலைக்கு ஆள் போனதும் என் வேலை தொடங்கும். யார் வந்தார், யார் வரவில்லை, யார் எத்தனை கிலோ என்று வரி வரியாக எழுதிக்கொண்டே போக வேண்டும். அதைவிட மெதுவான வேலை உலகத்தில் கிடையாது. அதனாலோ என்னவோ, இந்த நாவலின் மெதுவான நடை எனக்கு அலுக்கவில்லை.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுவீடனில் யோத்தா கால்வாய் என்று ஒன்று இருக்கிறது. 1832ல் திறந்தது. 190 கிலோமீற்றர் நீளம், கப்பலை ஏற்றி இறக்க 58 மதகுகள். மோட்டாலா என்ற ஊருக்குப் பக்கத்து மதகில் ஒரு ஜூலை மாதம் தூர் வாருகிறார்கள். வாளியில் சேற்றோடு ஒரு பெண்ணின் உடல் வருகிறது. உடுப்பில்லை, கடுதாசி இல்லை, காணவில்லை என்று தேடி வந்தவரும் இல்லை. ஸ்டொக்ஹோமிலிருந்து மார்ட்டின் பெக் என்ற பொலிஸ் அதிகாரி வருகிறார். அவருக்கு எந்நேரமும் வயிற்றுக் கோளாறு, மனைவியோடு மனஸ்தாபம், ஓய்வு நேரத்தில் பொம்மைக் கப்பல் கட்டுவார். துப்பாக்கிச் சண்டை, பூதக்கண்ணாடி என்று எதுவும் கிடையாது.

அப்புறம் நாவலில் மூன்றில் ஒரு பங்கு, செத்தவளின் பேர் என்ன என்று தேடுவதிலேயே போகிறது. பண்டாரவளை வாசகருக்கு எரிச்சல் வந்தது இங்கேதான் என்று நினைக்கிறேன். எனக்கோ புத்தகத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது. மாதக்கணக்கில் எழுதுகிறார்கள், படம் அனுப்புகிறார்கள், காத்திருக்கிறார்கள். கடைசியில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரத்திலிருந்து காஃப்கா என்ற பொலிஸ்காரர் மூலம் தகவல் வருகிறது. அவள் அந்த ஊரில் ஒரு நூலகர். பேர் ரோஸன்னா மெக்ரோ. அந்தப் பேர் வந்து சேர்ந்த பக்கத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு பிளேன்டீ போட்டுக் குடித்தேன்.

ஏன் என்று மலைநாட்டு ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொழும்பு வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்கு ஒரு 'பேர்' என்று பேர். கொழுந்து கணக்குக்குக் குறைந்தால் 'அரைப்பேர்'. இன்றைக்கு எத்தனை பேர் கிடைத்தது என்றுதான் மாதக் கடைசியில் கேட்பார்கள். பல்லில்லாத கிழவிகளுக்கு எத்தனையோ அரைப்பேர் என் கையால் போட்டிருக்கிறேன். அதைவிட மோசம், முழுப்பேரையே ஒழுங்காக எழுதாதது. ஒரே அம்மா ஒரு பதிவில் ராமாயி, இன்னொன்றில் ராமாய், மூன்றாவதில் ராமி. ஊழியர் சேமலாப நிதியை எடுக்கப் போனால் இந்த மூன்று பேரும் ஒருத்திதான் என்று நிரூபிக்க அந்த அம்மா இரண்டு வருடம் அலைய வேண்டியிருந்தது. அந்த மூன்றில் ஒரு எழுத்துப்பிழை என்னுடையது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாவல் வெளிவந்ததற்கு முந்திய வருடம், 1964 ஒக்டோபரில்தான் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இந்திய வம்சாவளித் தமிழர்களான எங்களைப் பிரித்தார்கள். 1948ல் பிரஜாவுரிமை போனதிலிருந்தே நாங்கள் எண்ணிக்கைதான். அதே காலத்தில் வேறொரு நாட்டில், வேற்று தேசத்தவளான ஒருத்தியின் பேரைக் கண்டுபிடிக்க ஒரு பொலிஸ்காரர் மாதக்கணக்கில் தூக்கம் கெடுவதாக இரண்டு பேர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். கற்பனைதான், தெரியும். இருந்தாலும் படிக்கும்போது பொறாமையாக இருந்தது.

அந்த இரண்டு பேர் மாய் ஷோவாலும் பேர் வாலோவும். (அவருடைய பேரே பேர்தான்!) பிள்ளைகள் தூங்கிய பிறகு, இரவில் ஆளுக்கொரு அத்தியாயமாக எழுதினார்களாம். 30 அத்தியாயம் வீதம் பத்து நாவல்கள், 1975 வரை. அந்த வருடம் வாலோ இறந்துபோனார்.

எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிறு ஏழெட்டுப் பேர் கூடிப் புத்தகங்களைப் பற்றிக் கதைப்போம். இதையும் எடுத்தோம். பேராதனையில் படிக்கும் ஒரு பிள்ளை, இந்தக் காலத்தில் கைப்பேசி இருப்பதால் இரண்டே நாளில் கேஸ் முடிந்துவிடும் என்று சிரித்தாள். முடியலாம். ஆனால் அந்தப் பிள்ளை கேலி செய்த அந்த நீண்ட தேடல்தான் நாவலில் எனக்கு மிகவும் பிடித்தது. ரோஸன்னா போன சுற்றுலாக் கப்பலில் பயணிகளும் சிப்பந்திகளுமாக 85 பேர். அவர்கள் பல நாடுகளுக்கும் சிதறிவிட்டார்கள். அவர்கள் எடுத்த படங்களைத் தபாலில் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவள் நிற்கிறாளா, பக்கத்தில் யார் என்று தேடுகிறார்கள். முன்னால் சிரித்துக்கொண்டிருப்பவர்கள் யாரோ. நமக்கு வேண்டியவள் பின்னால், பாதி வெட்டுப்பட்டு நிற்கிறாள். என் அப்பாவுக்கு இருக்கும் ஒரே படமும் அப்படித்தான், யாரோ வீட்டுக் கல்யாணப் படத்தின் ஓரத்தில் ஒரு தோளும் முக்கால் முகமும்.

குறையே இல்லாத புத்தகம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் கூட்டத்தில் ஒரு ஆசிரியை கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. செத்தவளுக்கு யார் யாரோடு பழக்கம் என்று பக்கம் பக்கமாகக் கேள்வி-பதில் வருகிறதே, செத்தது ஆணாக இருந்தால் இப்படி நோண்டியிருப்பார்களா என்றார். துப்புக்குத் தேவை என்று நான் இழுத்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. யோசித்தால் அவர் பக்கம்தான் நியாயம் கூடுதல். கொலைகாரனின் மனசு அப்படிப்பட்டது என்பதைக் காட்டவே அதெல்லாம் வருகிறது என்று சமாதானம் சொல்லலாம், ஆனால் விசாரிப்பவர்களின் கண்ணும் சில இடங்களில் அதே பக்கம் சாய்கிறது. கடைசியில் ஒரு பெண் பொலிசைத் தூண்டில் புழுவாக வைத்து அவனைப் பிடிக்கப் பார்ப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. அதுவரை பதிவேட்டையும் பொறுமையையும் நம்பி வந்த கதை, அங்கே சினிமாவாகிவிடுகிறது. ஆசிரியர்களுக்கே அவசரம் வந்துவிட்டதோ என்னவோ.

பண்டாரவளை வாசகருக்கு ஒரு யோசனை. விறுவிறுப்பு வேண்டுமென்றால் இதே வரிசையில் 1968ல் வந்த 'சிரிக்கும் பொலிஸ்காரர்' என்பதிலிருந்து தொடங்குங்கள். மழை இரவில், மாடி பஸ் ஒன்றில் ஒன்பது பேர் சுடப்பட்டுக் கிடப்பார்கள். அதில் ஒருவர் பொலிஸ்காரர். அமெரிக்காவில் துப்பறியும் நாவல்களுக்குக் கொடுக்கும் எட்கர் விருதை 1971ல் வாங்கிய நாவல். அதைப் படித்துவிட்டு வந்தால் ரோஸன்னாவோடு பொறுமையாக உட்கார முடியும்.

என்னுடைய பிரதி லொயிஸ் ரோத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு. கண்டியில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது, இப்போது எங்கள் ஊர் நூலகத்தில் கொடுத்திருக்கிறேன். முன்பு வைத்திருந்த எந்தப் புண்ணியவானோ முதல் பக்கத்திலேயே கொலைகாரனின் பேரைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தான். ரப்பரால் அழித்துவிட்டேன். தடம் லேசாக இருக்கும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிளாக்கர் ஒருவர்,
பொகவந்தலாவை.