இரண்டு கைக்கும் ஒரே படம்

அன்புள்ள சங்கர்,

உன் கடிதம் கிடைத்தது. வலது மணிக்கட்டு வலி குறைந்து மறுபடியும் பென்சிலைக் கையில் எடுத்துவிட்டாய் என்பதில் மிக்க மகிழ்ச்சி. இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் வரையப் பழகுகிறேன் என்று போன கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு, இது வித்தை காட்டவா, படம் போடவா என்று கேட்டிருக்கிறாய். உன் கேள்வி நியாயமானதுதான் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

இரண்டு கைகளும் வரையப் போய்விட்டால் தாளைப் பிடித்துக்கொள்ளக் கை இருக்காது. ஆகவே தாளின் நான்கு மூலைகளையும் டேப் போட்டுப் பலகையில் ஒட்டி, பலகையை மார்பு உயரத்துக்குச் சுவரில் நிறுத்தி, நின்றபடியே வரைகிறேன். மேசையில் உட்கார்ந்தால் அசைவு விரலோடும் மணிக்கட்டோடும் நின்றுவிடும். அங்கே வலக்கைக்கு இருக்கும் நெடுநாள் பழக்கம் இடக்கைக்கு இல்லாததால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தோளிலிருந்து கையை வீசிப் பெரிதாக வரைந்தால் அந்த ஏற்றத்தாழ்வு நன்றாகவே குறைகிறது.

முதலில் எடுத்துக்கொண்டது ஒரு ஜாடி. தாளின் நடுவில் மெல்லிதாக ஒரு செங்குத்துக் கோடு போட்டு, அதன் உச்சியில் இரண்டு கரித்துண்டுகளையும் ஒட்டிவைத்து, வாய் விளிம்பில் பிரித்து, கழுத்தில் நெருக்கி, வயிற்றில் அகற்றி, அடியில் மறுபடியும் ஒன்றுசேர்க்க வேண்டும். கண் எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வலக்கையைப் பார்த்தால் இடக்கோடு வழி தவறுகிறது. இடக்கையைப் பார்த்தாலோ, வலக்கை எதிரில் உள்ள ஜாடியை விட்டுவிட்டுத் தனக்கு மனப்பாடமான ஏதோ ஒரு ஜாடியை வரைந்து முடித்துவிடுகிறது! பார்வையை நடுக்கோட்டிலேயே நிறுத்தி, இரு பக்கமும் விலகும் தூரத்தை மட்டும் கடைக்கண்ணால் கவனித்தால்தான் ஜாடி ஜாடியாக வருகிறது. அப்போது நான் பார்ப்பது இரண்டு கோடுகளை அல்ல, அவற்றுக்கு நடுவே விரிந்து சுருங்கும் வெளியை. ஒற்றைக் கையால் இத்தனை காலம் வரைந்தும் இப்படிப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆனால் இது சுலபமான பாதிதான். கண்ணாடிப் பிம்பம்போல் எதிரெதிராக நகர்வது கைகளுக்கு இயல்பாகவே வரும். இரண்டும் ஒரே திசையில் போக வேண்டுமென்றால்தான் தகராறு. ஸ்காட் கெல்சோ என்ற ஆய்வாளர் 1984இல் வெளியிட்ட பரிசோதனையில், இரு ஆள்காட்டி விரல்களையும் ஒரே திசையில் ஆட்டத் தொடங்கியவர்கள், வேகம் கூடக் கூட, ஒரு கட்டத்தில் தம்மையறியாமலேயே எதிரெதிர் அசைவுக்கு மாறிவிட்டார்கள். நீயும் மேசைமேல் விரல்களை வைத்துச் செய்து பார்.

ஒரு கையால் வட்டமும் மறு கையால் சதுரமும் வரைவது இன்னும் கடினம். வட்டத்துக்கு மூலை முளைக்கும், சதுரத்தின் மூலை மழுங்கும். இந்தக் கலப்பு எங்கே நடக்கிறது என்பதற்கு எலிசபெத் ஃபிரான்ஸ் முதலானோர் 1996இல் வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று தருகிறது. கடுமையான வலிப்பு நோய்க்குச் சிகிச்சையாக, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக்கற்றை துண்டிக்கப்பட்டவர்களை, வெவ்வேறு திசையில் திறந்த பெட்டி வடிவங்களை இரு கைகளாலும் ஒருசேர வரையச் சொன்னார்கள். நம்மைப் போன்றவர்களின் கோடுகள் குழம்பிய இடத்தில் அவர்களுடைய கோடுகள் குழம்பவில்லை. அப்படியும் இரு கைகளும் தொடங்கி நகரும் காலம் மட்டும் ஒத்தே இருந்தது. எனவே வடிவத்தின் குழப்பம் அந்த இணைப்பின் வழியாக வருகிறது. தாளம் வேறு எங்கோ இருந்து வருகிறது.

எனக்கு மிகவும் பயன்பட்டது 2001இல் ஜோர்ன் டீட்ரிக்சன் குழுவினர் கண்டறிந்த செய்தி. ஒவ்வொரு கையும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதைக் குறியீடாகச் சொல்லாமல், போய்த் தொட வேண்டிய இடத்தையே நேரடியாகக் காட்டிவிட்டால், கைகளுக்கிடையே இருந்த அந்தக் குறுக்கீடு மறைந்துவிடுகிறது. இதைப் படித்ததும் சதுரத்துக்கு நான்கு புள்ளிகளும் வட்டத்துக்கு நான்கு புள்ளிகளும் தாளில் முன்கூட்டியே வைத்துக்கொண்டேன். இப்போது “சதுரம், வட்டம்” என்று மனத்துக்குள் இரண்டு கட்டளை போடுவதில்லை. எட்டுப் புள்ளிகள் கொண்ட ஒரே படத்தைத்தான் நினைக்கிறேன். சதுரத்தின் மூலை இன்னும் சற்று மழுங்கத்தான் செய்கிறது என்றாலும், வட்டத்தில் மூலை முளைப்பது பெரும்பாலும் நின்றுவிட்டது. சண்டை கைகளுக்குள் இல்லை, அவற்றுக்கு நான் போட்ட திட்டத்தில்தான் இருந்தது என்று எனக்குப் படுகிறது.

இப்படிப் பழகினால் மூளையின் இரு பக்கமும் சமமாக வளரும், அறிவு பெருகும் என்று சொல்பவர்களும் உண்டு. இது புதிய பேச்சல்ல. பிலடெல்பியாவில் கலைப் பள்ளி நடத்திய ஜே. லிபர்ட்டி டாட் தம் மாணவர்களைக் கரும்பலகையில் இரு கைகளாலும் வளைவுகளும் சுருள்களும் வரையவைத்து, 1899இல் அதைப் பற்றி நூலே வெளியிட்டார். அவர் காலத்தில் இதன்மேல் கட்டப்பட்ட நம்பிக்கைகள் பெரியவை. அவருடைய வரைபயிற்சி எனக்குப் பிடித்திருக்கிறது, அந்த நம்பிக்கைகள் எனக்கு ஒப்பவில்லை. படம் வரையக் கற்றால் படம் வரைய வரும், அவ்வளவுதான். அதுவே போதாதா என்ன?

வலி முழுவதும் தீராத மணிக்கட்டை நீ இதில் இறக்குவதானால், கூரான பென்சிலை விட்டுவிட்டுத் தடித்த கரித்துண்டையோ சாக்குக்கட்டியையோ எடுத்துக்கொள். அழுத்திப் பிடிக்க வேண்டியிராது. சிறுவயதில் இடக்கைப் பழக்கத்தை மாற்றி எழுதவைக்கப்பட்டவன் நீ. எழுதுவதும் வரைவதும் வலக்கையால், மற்ற எல்லா வேலையும் இடக்கையால் என்பதால், உனக்கு எந்தப் பக்கத்துக் கோடு நடுங்கும் என்று என்னால் ஊகிக்க முடியவில்லை. ஜாடியை வரைந்து பார்த்துவிட்டு எழுது. முதல் தாளையே அனுப்பு, திருத்தியதை அல்ல.

அன்புடன்,
ரகு