கயிறு நாலு முழம் எட்டவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வேலையை விட்டுவிட்டு நிலத்தில் போய் வாழ என்னென்ன வேண்டும் என்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சோலார் பேனல், பேட்டரி, தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மெஷின், மூன்று மாசத்துக்குக் காய்ந்த சாப்பாட்டுப் பொட்டலம், அப்புறம் அந்த வெளிநாட்டுக் கோடாலி. கோடாலி விலையைக் கேட்டதும் அம்மா அடுப்படியிலிருந்தே சிரித்தாள், அந்தக் காசுக்கு ஒரு கிடேரிக் கன்று பிடித்துவிடலாமே என்றாள். இதையெல்லாம் போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை படி.

திண்டிவனம் பக்கம் ஒன்றரை ஏக்கர் வாங்கியதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, சந்தோஷம்தான். ஆனால் போன வாரம் நீ சொன்ன ஒரு பேச்சு எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. "கஜா புயல் அப்ப அஞ்சு நாள் உங்க போன் கிடைக்கலை, அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்ப்பா, இனிமே எதுக்கும் யாரையும் நம்பி இருக்கக் கூடாதுன்னு." அந்த அஞ்சு நாள் இங்கே என்ன நடந்தது என்று உன்னிடம் நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. நல்லா இருக்கோம் என்று மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

2018 நவம்பர் 15 ராத்திரி. நடுச்சாமத்துக்கு மேல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறிய புயல் அப்படியே உள்ளே வந்து நம் பேராவூரணி, பட்டுக்கோட்டை, புதுக்கோட்டை வரைக்கும் போட்டுப் புரட்டியது. விடிந்து கதவைத் திறந்தால் தோப்பு இருந்த இடத்தில் வானம் தெரிகிறது. 64 மரத்தில் 9 நின்றது. சரி, மரக்கதை உனக்குத் தெரியும். தண்ணீர்க் கதைதான் தெரியாது. மாடியில் இருந்த தொட்டி பக்கத்துத் தெருவில் கிடந்தது. போர்வெல்லில் தண்ணீர் இருக்கிறது, 180 அடியில் மோட்டாரும் இருக்கிறது, கரண்ட் இல்லை. அன்றைக்குப் போனது 22 நாள் கழித்துத்தான் வந்தது.

கொல்லைக் கிணறு ஞாபகம் இருக்கிறதா? நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது எட்டிப் பார்க்கிறாய் என்று கம்பிவலை போட்டு மூடியது. போர் போட்ட பிறகு பன்னிரண்டு வருஷமாக அதை யாரும் தொடவில்லை. வலையைப் பெயர்த்தோம், கயிறு ஓடுகிற சகடை துருப்பிடித்து இறுகிப்போய் இருந்தது, விளக்கெண்ணெய் விட்டுத் தட்டித் தட்டி ஒருவழியாகச் சுற்ற வைத்தோம். கயிறு? வீட்டில் கயிறே இல்லை பாப்பா. ஒரு விவசாயி வீட்டில் கிணற்றுக் கயிறு இல்லை. மாட்டுக் கயிறு இரண்டை முடிச்சுப் போட்டு வாளியை இறக்கினால் தண்ணீருக்கு நாலு முழம் மேலேயே தொங்குகிறது. உன் அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு பழைய நூல் புடவையை எடுத்து வந்தாள், முறுக்கிக் கட்டினோம், அப்புறம்தான் எட்டியது. வந்தது தண்ணீர் இல்லை, இலைக் கஷாயம். ஒரு நாள் முழுக்க எதிர்வீட்டுத் தம்பியும் நானும் மாறி மாறி இறைத்துக் கொட்டினோம். அவனோடு வரப்புத் தகராறில் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது என்பதும் உனக்குத் தெரியும். இரண்டாம் நாள் ப்ளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி ஒரு ராத்திரி விட்டுவிட்டு, மூன்றாம் நாளிலிருந்து ஏழு வீட்டுக்கு அந்தக் கிணறுதான். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடித்தோம்.

அரிசி நம் வீட்டில் இருந்தது. எண்ணெய், பருப்பு எதிர்வீட்டில். மண்ணெண்ணெய் கடைசி வீட்டுப் பெரியம்மாவிடம். கேஸ் அடுப்பு வைத்திருந்தவர்களுக்குக் கொஞ்ச நாள் ஓடியது, சிலிண்டர் தீர்ந்ததும் அவர்களும் நம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பெரிய மரங்களை அறுக்க ரம்பம் வைத்திருந்த பையனைத் தெருவே தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. யாரையும் நம்பாமல் இருக்கப்போகிறேன் என்று நீ முடிவு பண்ணிய அதே நாட்களில் நாங்கள் இங்கே ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் யாரையாவது நம்பித்தான் இருந்தோம். அதனால் உன் பட்டியலில் முதல் வரியாக நான் ஒன்று எழுதுவேன்: பக்கத்து நிலத்துக்காரர் யார், அவர் வீட்டில் யார் யார், அவரிடம் என்ன மாடு நிற்கிறது, போய்ப் பேசு. போகும்போது வெறுங்கையோடு போகாதே. வேலி போடுவதற்கு முன்னால் போ, வேலி போட்ட பிறகு போனால் அது வேறு மாதிரி.

இனி தண்ணீர். அந்த நிலத்தில் திறந்த கிணறு இருக்கிறது என்றாய். அதை மூடிவிட்டு போர் போடலாம் என்று மாப்பிள்ளையிடம் யாரோ சொன்னார்களாம், அந்த ஆளைத் திரும்ப உள்ளே விடாதீர்கள். கிணற்றைத் தூர் வாரு, கைப்பிடிச் சுவர் வை, சகடை மாட்டு, மோட்டாரும் வைத்துக்கொள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள் கையால் இறை. வாளி உள்ளே விழுந்தால் எடுக்கப் பாதாளக் கரண்டி என்று ஒன்று உண்டு, கொக்கி கொக்கியாக இருக்கும், நம் வீட்டில் தாத்தாவுடையது கிடக்கிறது, தருகிறேன். அந்த நிலத்தில் இருக்கிற ஓட்டு வீட்டின் கூரைத் தண்ணீரையும் பிடி. கணக்கு ரொம்ப எளிது: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். உன் கூரை 600 சதுர அடி, கிட்டத்தட்ட 55 சதுர மீட்டர். 5 சென்டிமீட்டர் மழை ஒரே நாளில் பெய்தால் சிந்தியது சிதறியது போக 2,000 லிட்டருக்கு மேல் தொட்டிக்கு வந்துவிடும். முதல் மழையைப் பிடிக்காதே, கூரையில் இருக்கிற எச்சமும் தூசியும் அதில்தான் வரும். கலங்கல் தண்ணீருக்குத் தேத்தாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் உரைத்துவிட்டால் ராத்திரிக்குள் தெளியும். ஆனால் தெளிந்தால் கிருமி போய்விட்டது என்று நினைக்காதே. கொதிக்க வைக்கத்தான் வேண்டும்.

காய்ந்த சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு அம்மா சொல்கிற பதில்: சித்திரை வெயில் எதற்கு இருக்கிறது? கொத்தவரை, சுண்டை, மணத்தக்காளி வத்தல், மோர்மிளகாய், கூழ்வடகம். புதுப் புளியைக் கொட்டை எடுத்துக் கல்லுப்பு தூவி மண்பானையில் அமுக்கி வைத்தால் வருஷம் தாண்டும். உளுந்து, பயற்றை நன்றாகக் காயவைத்து கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெய் புரட்டி வை, வண்டு அண்டாது. துவரைக்குச் செம்மண் கட்டுகிற விதத்தை அம்மாவே வந்து காட்டுவாளாம், எழுதினால் வராதாம். பட்டியல் போடும்போது எல்லாரும் உப்பையும் தீப்பெட்டியையும் மறப்பார்கள், நீயும் மறந்திருக்கிறாய்.

நெல் போடணும் என்று உனக்கு ஆசை. போடு, ஆனால் ஒன்றரை ஏக்கரிலும் போடாதே. நம் ஊர்க் கணக்கில் ஒரு மா, அதாவது 33 சென்ட், உன் கைக்கு அது போதும். (அங்கே காணி என்று வேறு அளவில் கணக்கு பேசுவார்கள், குழப்பிக்கொள்ளாதே.) சுமாராக விளைந்தாலும் 60 கிலோ மூட்டையில் எட்டு வரும். ஒரு மூட்டை அரைத்தால் 38, 40 கிலோ அரிசி. உங்கள் மூன்று பேருக்கு மாசம் 20 கிலோ என்று வைத்தாலும் வருஷத்துக்கு ஆறு, ஆறரை மூட்டை நெல்லில் முடிந்துவிடும். மிச்சத்தில் விதைக்கு எடுத்து வை. விதைநெல் காய்ந்ததா என்று பார்க்க மெஷின் எல்லாம் வேண்டாம், ஒன்றை எடுத்துப் பல்லில் கடி. டக்கென்று உடைந்தால் சரி, நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் காட்டணும். நொச்சி இலையும் வேப்பிலையும் காயவைத்து மூட்டைக்குள் போடு. இப்படி விதையைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லி ஊர் ஊராக நடந்த நம்மாழ்வார் ஐயா கடைசியாகக் கண் மூடியது பட்டுக்கோட்டை பக்கத்து அத்திவெட்டியில்தான், 2013 டிசம்பர் 30.

முருங்கைக்கு விதை தேடி அலையாதே. நல்லதாகக் காய்க்கிற மரத்தில் கை கனத்துக்கு ஒரு கிளையைப் போத்தாக வெட்டி, மூன்றடியில் நறுக்கி, தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து ஊன்றிவிடு. மேல்முனையில் சாணியை உருட்டி வைக்க மறக்காதே. கோழி பத்து போதும். அடைக்கு வைத்த இருபத்தோராம் நாள் குஞ்சு பொரிக்கும். பையனை அன்றைக்குக் கட்டாயம் அழைத்துப் போ, பள்ளிக்கூடம் ஒரு நாள் போனால் போகட்டும். வெள்ளைக் கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூடு காலி, அதனால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி எப்போது என்று முதலிலேயே கேட்டு வை. சாண எரிவாயுவைப் பற்றி மாப்பிள்ளை கேட்டார். ஒரு கன மீட்டர் கலனுக்கே தினம் 25 கிலோ சாணி வேண்டும். ஒரு மாட்டை வைத்துக்கொண்டு அது ஓடாது, இப்போதைக்கு விறகடுப்புதான் என்று சொல்.

விறகடுப்பு என்றதும் அது என்னமோ சுலபம் என்று நினைக்காதே. புயல் முடிந்த மூன்றாம் நாள் எல்லா விறகும் நனைந்து கிடக்க, உன் சித்தி அரை தீப்பெட்டியைக் காலி பண்ணிவிட்டுப் புகையில் அழுதுகொண்டிருந்தாள். அம்மா போய் பரணில் இருந்த தென்னம் பன்னாடையை எடுத்து வந்து, உள்ளங்கையில் கசக்கிப் பிரித்து, அதற்கு மேல் பாளையைச் சீவிச் சீவிப் போட்டு, கொட்டாங்கச்சியை அது மேல் கவிழ்த்து வைத்தாள். ஒரே குச்சி. ஊதக்கூட இல்லை. சித்தி அன்றைக்கே கற்றுக்கொள்கிறேன் என்றாள், கரண்ட் வந்த மறுநாள் மறந்துவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, நானும் அப்படித்தான், கயிறு வாங்க எனக்கு அதற்கப்புறமும் நாலு மாசம் ஆனது! அதனால் உனக்கு நான் வைக்கிற பரீட்சை இதுதான்: வேலையை விடுவதற்கு முன்னால் மாசத்தில் ஒரு சனி ஞாயிறு அந்த ஓட்டு வீட்டில் மெயினை அணைத்துவிட்டு இருந்து பாருங்கள். கிணற்றுத் தண்ணீர், விறகடுப்பு, அரிக்கேன் விளக்கு. ஒரு வருஷம் பண்ணிய பிறகும் ஆசை இருந்தால் ராஜினாமா எழுது.

கோடாலி உள்ளூர்க் கொல்லுப்பட்டறையில் வாங்கு. உன் உயரத்துக்குப் பிடி போட்டுத் தருவார், வாய் மழுங்கினால் அவரிடமே போகலாம், வெளிநாட்டுக்காரனிடம் எங்கே போவாய். பிடி ஆடினால் ஆப்பு வைத்து இறுக்கு. தண்ணீரில் ஊறப் போட்டால் இறுகும்தான், காய்ந்ததும் மறுபடி ஆடும், வெட்டும்போது கழன்று ஆள் மேல் பாயும்.

இன்னொன்று, இதில் மட்டும் சுயமாகப் பார்த்துக்கொள்கிற பேச்சே வேண்டாம். பாம்பு. நீங்கள் தரையில் பாய் போட்டுப் படுத்த போட்டோவைப் பார்த்தேன், எனக்குத் தூக்கம் போய்விட்டது. கட்டுவிரியன் ராத்திரியில்தான் சுற்றும், தூங்குகிற ஆளைக் கடித்தால் பல நேரம் வலிகூடத் தெரியாது. கட்டில் போடு, கொசுவலையை மெத்தைக்கு அடியில் சொருகு, விறகை வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதே, ராத்திரி வெளியே போனால் டார்ச். கடித்துவிட்டால் கீறாதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே, மூலிகை தேடி ஓடாதே. கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து, நடக்கவிடாமல், நேராக விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு ஆஸ்பத்திரி. அது எது, எத்தனை கிலோமீட்டர், ராத்திரியில் வண்டி எடுத்து வர அந்த ஊரில் யார் இருக்கிறார் என்பதைச் சுவரில் எழுதி ஒட்டு.

சோலார் வாங்கிக்கொள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. போன் சார்ஜ் போடவாவது ஆகும், அம்மா அந்த அஞ்சு நாள் உன்னிடம் பேச முடியாமல் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். டவரே சாய்ந்துவிட்டால் சார்ஜ் இருந்து என்ன பண்ண, அது வேறு.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஒரு மூட்டை போட்டு அனுப்புகிறேன். பாதாளக் கரண்டி, தாத்தா அரிவாள் (சாணை பிடித்திருக்கிறேன், பையன் கைக்கு எட்டாமல் வை), அம்மா கொடுத்த சுண்டை வத்தல், அவரை விதை, புடலை விதை. அப்புறம் தேங்காய்நார்க் கயிறு, நம் ஊரில் திரித்தது, 60 அடி. நைலான் வாங்காதே, உள்ளங்கையை அறுத்துவிடும். போன தடவை கிணறு எத்தனை அடி என்று கேட்டதற்கு "ஆழமா இருக்குப்பா" என்று சொன்னாய். அது எனக்குப் போதாது. கயிற்று நுனியில் ஒரு கல்லைக் கட்டி இறக்கி, தண்ணீர் மட்டத்துக்கு எத்தனை, அடிக்கு எத்தனை என்று இரண்டையும் அளந்து சொல். கோடையில் மட்டம் இன்னும் கீழே போகும், அதையும் பக்கத்து நிலத்துக்காரரிடம் கேள். எட்டாது என்றால் இன்னும் நாலு பாகம் (இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம்) சேர்த்துத் திரிக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா