பரிசுத் தொகைக்குப் பக்கத்தில் கட்டணத்தையும் எழுதிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிரிப்டோ வர்த்தகத் தளங்கள் நடத்தும் போட்டிகளின் விளம்பரங்கள் கல்லடியிலிருந்து அக்கரைப்பற்று வரை வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. பரிசுத் தொகை பெரிய எழுத்தில் இருக்கிறது. கட்டண வீதத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்த பிறகு இறங்குங்கள் என்று நம் பிள்ளைகளைக் கேட்கவே இதை எழுதுகிறேன்.

பல போட்டிகளில் தரவரிசை 'வொலியூம்' பார்த்து, அதாவது வாங்கியதும் விற்றதுமான மொத்தத் தொகையைப் பார்த்துப் போடப்படுகிறது. இலாபமா நட்டமா என்பது அதில் சேராது. ஒருவரிடம் 200 யூஎஸ்டீடி (டொலர் பெறுமதியை ஒட்டிய கிரிப்டோ நாணயம்) இருக்கிறது, ஃபியூச்சர்ஸில், அதாவது நாணயத்தை வாங்காமல் அதன் விலை ஏறுமா இறங்குமா என்று ஒப்பந்தம் போடும் சந்தையில், 25 மடங்கு லெவரேஜ் (கைப்பணத்தைப்போல் 25 மடங்குக்கு வர்த்தகம் செய்யும் வசதி) வைக்கிறார் என்று கொள்வோம். அவர் திறக்கும் பொசிஷன், அதாவது ஒப்பந்தத்தின் மொத்தத் தொகை, 5,000. அப்போதைய விலையில் உடனே முடியும் மார்க்கெட் ஓடருக்குப் பெரிய தளங்களில் சுமார் 0.05 சதவீதம் கட்டணம். அது 200க்கு அல்ல, 5,000க்கு அறவிடப்படுகிறது. பலர் பிழைவிடுவது இந்த இடத்தில்தான். திறக்க 2.50, மூட 2.50. ஒரு சுற்றுக்கு 5 போக, 10,000 வொலியூம் ஏறுகிறது. இலக்கு 5 இலட்சம் வொலியூம் என்றால் 50 சுற்று, கட்டணம் 250. கையில் இருந்ததோ 200! விலை அசையாமலே நின்றாலும் இலக்கைத் தொடுமுன் முதல் தீர்ந்துவிடும். விலையைத் தாமே குறித்துக் காத்திருக்கும் லிமிட் ஓடர் போட்டு 0.02 சதவீதத்தில் செய்தாலும் 100 போகும்.

பரிசு 20,000, எல்லோரும் சேர்ந்து போட்ட வொலியூம் 40 கோடி என்றால், வொலியூமுக்கு ஏற்பப் பங்கிட்டால் 5 இலட்சம் போட்டவரின் பங்கு 25 யூஎஸ்டீடி. அதே 40 கோடிக்கு 0.05 வீதத்தில் தளத்துக்குச் சேரும் கட்டணம் 2 இலட்சம், பரிசைப்போல் பத்து மடங்கு. இவை உதாரணத்துக்கு எடுத்த எண்கள். உங்களுக்கு வந்த விளம்பரத்தின் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள்.

இலாப வீதத்தைப் பார்த்து வரிசைப்படுத்தும் போட்டிகளில் வேறு சிக்கல். 100ஐ 50 மடங்கு லெவரேஜில் போட்டவருக்கு விலை 2 சதவீதம் சாதகமாக நகர்ந்தால் முதல் இரட்டிக்கும். எதிர்ப்பக்கம் 2 சதவீதம் நகருமுன்பே லிக்விடேட் ஆகிவிடும், அதாவது தளமே பொசிஷனை மூடிவிடும், போட்ட பணம் போய்விடும். அழிந்த கணக்குகள் லீடர்போர்டு எனும் தரவரிசைப் பட்டியலின் மேல் வரிசையில் தெரியாது, தப்பியவர்கள்தான் தெரிவார்கள். அந்தப் பெயர்களைப் பார்த்து அவர்களுடைய முறையைப் பின்பற்றுவது மிகவும் ஆபத்தானது. இரண்டு கணக்கு திறந்து ஒன்றில் வாங்கி மற்றதில் விற்று, ஒன்றை அழியவிட்டு மற்றதை மேலே ஏற்றுகிறவர்களும் உண்டு. விதிகள் இதைத் தடுக்கின்றன. பிடிபட்டால் பரிசு இரத்து. இப்படி இரண்டாவது கணக்கைத் திறக்கத்தான் பிறருடைய அடையாள அட்டையைக் கேட்கிறார்கள். நண்பன் கேட்டாலும் அட்டையையும் முகப் படத்தையும் கொடுக்காதீர்கள். அந்தக் கணக்கில் நடப்பதற்கெல்லாம் பெயர் உங்களுடையது.

தளத்தில் புதிதாகச் சேர்த்த டோக்கனுக்கான (கிரிப்டோ நாணயத்துக்கான) போட்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி கட்டணத்தை விடப் பெரிதாக இருக்கலாம். போட்டி முடிகிற நேரத்தில் எல்லோரும் விற்கப் போனால் விலை சரியும்.

சேரும் பொத்தானை அழுத்துமுன் செய்த வர்த்தகம் பல போட்டிகளில் எண்ணப்படுவதில்லை. கட்டணம் அறவிடாத நாணயச் சோடிகளில் செய்த வர்த்தகமும் அப்படித்தான். போட்டி முடியும் நேரம் பெரும்பாலும் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கும்: அங்கே இரவு 11.59 என்றால் நமக்கு மறுநாள் காலை 5.29. பரிசு காசாக வராமல் வவுச்சராகவோ சோதனைப் பணமாகவோ (வர்த்தகம் செய்து பார்க்கத் தளம் தரும் தொகை) வந்தால் காலாவதித் திகதியைப் பாருங்கள். சோதனைப் பணத்தை எடுக்க முடியாது, அதைக் கொண்டு பெற்ற இலாபத்தைத்தான் எடுக்கலாம். சொந்தப் பணத்தை வெளியே எடுத்தால் மிச்சச் சோதனைப் பணம் பறிபோகும் என்று பல தளங்களில் நிபந்தனை உண்டு.

சட்டப் பக்கமும் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2021இல் வந்த பணிப்புரைப்படி, கிரிப்டோ போன்ற மெய்நிகர் நாணயக் கொடுப்பனவுகளுக்கு டெபிட், கிரெடிட் அட்டைகளைப் பயன்படுத்த அனுமதியில்லை. அதனால் பலர் முகம் தெரியாதவரின் வங்கிக் கணக்குக்குக் காசு போட்டு யூஎஸ்டீடி வாங்குகிறார்கள். விற்கும்போது உங்கள் கணக்குக்கு வரும் காசு யாரையாவது ஏமாற்றி எடுத்ததாக இருந்தால், விசாரணையில் முடங்குவது உங்கள் கணக்கு. மத்திய வங்கியும் இவற்றைப் பற்றிப் பல தடவை பொதுமக்களை எச்சரித்திருக்கிறது.

பழக வேண்டுமென்றால் பல தளங்களில் உண்மைப் பணமில்லாத டெமோ கணக்கு இருக்கிறது. அதில் 50 சுற்று செய்து, ஒவ்வொரு கட்டணத்தையும் கொப்பியில் எழுதிக் கூட்டுங்கள்.

உங்கள் பத்திரிகை இந்தக் கட்டணக் கணக்கை ஒரு சிறு அட்டவணையாக வெளியிட வேண்டுகிறேன். உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவர்கள் அதை வெட்டி வகுப்பில் ஒட்டி வைக்கலாம்.

வர்த்தகப் பாட ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.