காய்ச்சலோட வந்தா எங்களை வரிசையில உக்கார வைக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தங்கச்சிமடத்துல மீன் யாவாரம் பண்ணிட்டு இருந்தவன், இப்ப வீட்டோட இருக்கேன். எனக்கு வந்திருக்கிறது வால்டன்ஸ்ட்ராம்னு ஒரு ரத்தப் புற்றுநோய். 1944ல இதைப் பத்தி எழுதின ஸ்வீடன் டாக்டரோட பேரு அது, பத்து லட்சம் பேர்ல ஒரு சிலருக்குத்தான் வரும்ங்கிறதால போற எடத்துலல்லாம் நானே பேரை எழுதிக் காட்ட வேண்டியிருக்கு. ஐஜிஎம்னு ஒரு புரதம் ரத்தத்துல கண்டபடி ஏறிரும், ஆனா கிருமியோட சண்டை போடற மத்த புரதங்க குறைஞ்சு போயிரும். வலை மலையா குவிஞ்சு கிடந்தாலும் கண்ணியெல்லாம் அறுந்து கிடந்தா மீனு நிக்குமா, அந்தக் கதைதான். இதுக்குப் போடற ரிட்டுக்சிமாப் ஊசியும் மாசக்கணக்குல எதிர்ப்புச் சக்தியைக் குறைச்சிரும், அந்த நேரத்துல தடுப்பூசி போட்டாலும் சரியா வேலை செய்யாது, அதனால ஃப்ளூ ஊசி வீட்ல உள்ளவுகளும் போட்டுக்கணும்.

வெளிய பாக்க ஒண்ணும் தெரியாது. "நல்லாத்தான இருக்கீக அண்ணே"ம்பாக. வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில் திருவிழாக் கூட்டத்துக்குப் போகலன்னு சொந்தக்காரவுகளுக்கு வருத்தம். முன்னாடி கெழுத்தி முள்ளு குத்தினா மஞ்சளை அப்பிட்டு வேலையைப் பாப்போம், இப்ப முடியாது, ஏன்னா வெதுவெதுப்பான கடல் தண்ணியில விப்ரியோன்னு ஒரு கிருமி இருக்கு, அது புண்ணு வழியா உள்ள போச்சுன்னா எங்களை மாதிரி ஆளுகளுக்கு உசுருக்கே ஆபத்து.

நான் எழுத வந்தது காய்ச்சலைப் பத்தி. எங்களுக்கு 100.4 டிகிரி வந்தாலே அது எமர்ஜென்சி. கீமோ எடுத்து வெள்ளையணு குறைஞ்சவங்களுக்கு ஆஸ்பத்திரி வந்த ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாட்டிக் ஏத்தணும்னு உலகம் பூரா டாக்டர்க ஒத்துக்கிட்ட விஷயம். ஆனா எனக்குக் குளிர் எடுத்து ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனப்ப சீட்டு வாங்கி, இருமிக்கிட்டு இருக்கிறவங்களுக்கு நடுவுல உக்கார வச்சிட்டாங்க, ஃபைலை நீட்டினா "எல்லாருக்கும்தான் காய்ச்சல் அடிக்குது, உக்காருங்க"ன்னு சொன்னாங்க, கடைசியில ஒரு டோலோ மாத்திரை. அந்த மாத்திரை சூட்டைக் குறைக்கும், உள்ள இருக்கிற கிருமியைக் குறைக்காது, காய்ச்சல் இறங்கிருச்சுன்னு நம்பி நம்மளும் வீட்லயே படுத்துருவோம், அதுலதான் பெரிய ஆபத்தே இருக்கு.

எங்க பெரிய டாக்டர் இருக்கிறது மதுரையில, பாம்பன் பாலம் தாண்டி 150 கிலோமீட்டருக்கு மேல போகணும், ராத்திரி காய்ச்சல் வந்தா அவ்வளவு தூரம் போற வரைக்கும் உடம்பு தாங்காது. அதனால ராமேஸ்வரத்துல இருந்து தொண்டி வரைக்கும் நம்ம கரையோர அரசு ஆஸ்பத்திரிகள்ல புற்றுநோய் வைத்தியத்துல இருக்கிறவங்க காய்ச்சலோட வந்தா நேரா உள்ள விட்டு, தனியா உக்கார வச்சு, ரத்தம் எடுத்து, முதல் டோஸ் ஆன்டிபயாட்டிக் போட்டுட்டு அப்புறம் மதுரைக்கு அனுப்பணும்னு சுகாதாரத்துறை உத்தரவு போடணும். வாசல்ல சீட்டு எழுதறவங்களுக்கும் இதைச் சொல்லிக் குடுக்கணும், எங்களை முதல்ல பாக்கிறது அவங்கதான். தயவுசெஞ்சு இதைப் போடுங்க ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தங்கச்சிமடம்