அம்மாவின் இறுதி நாள்களில் துணைநின்றவர்களுக்கு

நோய் முற்றியவர்களின் வலியைத் தணித்துப் பராமரிக்கும் இல்லத்தின் மருத்துவர்கள், செவிலியர்கள், தன்னார்வலர்கள் அனைவருக்கும், எங்களை யாரென்று அறியாமலேயே இந்த இல்லத்தைத் தாங்கிவரும் கொடையாளர்களுக்கும் எங்கள் குடும்பத்தாரின் வணக்கம்.

பராமரித்தவர்களுக்கு நேரில் நன்றி சொல்லிவிட்டோம். கொடையாளர்களாகிய உங்களை நாங்கள் பார்த்ததே இல்லை என்பதால், நீங்கள் தந்த பணம் எங்கள் வீட்டில் என்னவாக மாறியது என்பதைத் தெரிவிப்பதே முறையென்று எண்ணுகிறேன்.

முதலில் அது, படுக்கைப்புண் வராமல் காக்கும் காற்றுப்படுக்கையாக வந்தது. அடுத்து, கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபினாக வந்தது. அந்தப் பெயரைக் கேட்டே அஞ்சிய எங்களிடம், வலி தலைதூக்கும்வரை காத்திராமல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் கொடுக்க வேண்டும் என்றும், உரிய அளவில் கொடுத்தால் அது ஆயுளைக் குறைக்காது என்றும், மலச்சிக்கலுக்கான மருந்தையும் கூடவே தர வேண்டும் என்றும் செவிலியர் பொறுமையாக விளக்கினார். மூன்றாம் இரவு அம்மா விடியும்வரை உறங்கினார். பல வாரங்களுக்குப் பின் நானும் உறங்கினேன்.

மருந்துக்கு அடங்காத வலியும் ஒன்று இருந்தது. 1967இல் லண்டனில், இறுதிக்கட்ட நோயாளிகளுக்கான செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், நோயாளியின் வலியில் உடல், மனம், உறவு, நம்பிக்கை எல்லாம் கலந்திருக்கின்றன என்று கருதியவர் என மருத்துவர் சொன்னபோது, அது எனக்கு வெறும் கொள்கையாகவே பட்டது. ஆனால், நெடுங்காலமாகத் தன்னுடன் பேச்சுவார்த்தை இல்லாமல் போன தங்கைக்கு அம்மா சொல்லச் சொல்ல ஒரு தன்னார்வலர் கடிதம் எழுதினார், சித்தி வந்தார். அன்று மாலை இருவரும் என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

அம்மா உணவை மறுத்தபோது வற்புறுத்தி ஊட்ட முயன்ற என்னைச் செவிலியர் கடிந்துகொள்ளவில்லை. இறுதிக் கட்டத்தில் உடல் உணவைக் கேட்பதில்லை என்று சொல்லி, ஈரப்பஞ்சால் உதடுகளை நனைக்கக் கற்றுத்தந்தார். கையில் அந்த ஒரு வேலை இருந்ததால்தான் கடைசி இரண்டு நாள்களை என்னால் தாங்க முடிந்தது. அம்மா மறைந்த பிறகும் அப்பாவை நலம் விசாரிக்கும் தொலைபேசி அழைப்புகள் நிற்கவில்லை. இவை எதற்கும் எங்களிடம் யாரும் கட்டணம் கேட்கவில்லை.

காற்றுப்படுக்கையைத் துடைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். அதன் குழாய் ஒன்றில் சிறு கசிவு இருந்ததால் புதிய குழாயைப் பொருத்தியிருக்கிறோம். அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டுகிறோம்.