அந்த நர்ஸ் அக்காவுக்கு நன்றி

பெயர் தெரியாது, ஆனால் இந்த நன்றி உங்களுக்குத்தான் அக்கா. என் தம்பிக்கு அறிவுசார் குறைபாடு உண்டு, அவன் தன்பாலீர்ப்பாளனும்கூட, இரண்டையும் சேர்த்துச் சொன்னாலே பல இடங்களில் "அவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று என்னிடம்தான் கேட்பார்கள், அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். நீங்கள் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டு அவனிடமே பேசினீர்கள். ரத்தப் பரிசோதனை எதற்கு என்று படம் வரைந்து காட்டினீர்கள், அவன் "என் பாய்ஃபிரெண்ட்" என்றதும் முகம் சுளிக்காமல் அவர் பெயரைக் கேட்டீர்கள், அப்புறம் தனியாகப் பேசலாமா என்று அவன் சம்மதம் வாங்கிவிட்டுத்தான் என்னை வெளியே இருக்கச் சொன்னீர்கள். 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 25-ஆம் பிரிவு பாலியல் நலச் சேவையும் எல்லோருக்கும் கிடைக்கும் அதே தரத்தில் வேண்டும் என்கிறது. அதை நான் கண்ணால் பார்த்தது உங்களிடம்தான். அடுத்த முறையும் நீங்கள்தானா என்று தம்பி கேட்டுக்கொண்டே இருக்கிறான்.